பழைய மோட்டார் வண்டியும் கிளட்சுக் கோளாறும்

பணியின் பொருட்டும் வணிகத்தின் பொருட்டும் பிற மாநிலங்களில் வாழும் நம்மவருள் பலரிடம் பழைய மோட்டார் வண்டியொன்று இருக்கக் காண்கிறோம். அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரண்டும் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றவை. ஆயினும் அவற்றுள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இத்தகைய வண்டிகளில் அடிக்கடி தொல்லை தரும் உறுப்பு கிளட்சு. அதன் கோளாறுகளை, வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே நாம் ஓரளவு அறிந்துகொள்ள இயலும். அவ்வழிகளைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றேன்.

முதலில் என் அனுபவம் ஒன்று. நான் கொச்சியில் மட்டாஞ்சேரிப் பகுதியில் வசிப்பவன். என்னிடம் உள்ளது கார்புரேட்டர் பொருத்திய பழைய மாருதி. தோப்பும்படியிலிருந்து வில்லிங்டன் தீவுக்குச் செல்லும் பாலத்தின் ஏற்றத்தில் ஒரு நாள் அது தளர்ந்துபோயிற்று. பட்டறைக்குச் சென்று, எனக்குத் தெரிந்த மலையாளத்தில், "வண்டி வலிக்குன்னில்லா" என்றேன். தமிழ்ச் செவிக்கு இது நோவைக் குறிப்பதுபோல் ஒலிக்கும்; மலையாளத்திலோ வலித்தல் என்பது இழுத்தல். நான் சொன்ன சொல் பிழையன்று. ஆனால் போதாத சொல். எஞ்சினுக்குப் பெட்ரோல் சரிவரச் செல்லாவிடினும் வண்டி இழுக்காது. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் இழுக்காது. கிளட்சு வழுக்கினாலும் இழுக்காது. பட்டறைக்காரர் கார்புரேட்டரைக் கழற்றித் துப்புரவு செய்தார். கூலி கொடுத்துத் திரும்பினேன். மறுநாள் அதே பாலத்தில் அதே தளர்ச்சி! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான், என் வண்டியின் நோயைப் பெயர்த்துச் சொல்லத் தவறிவிட்டேன். "எஞ்சின் உரக்க இரைகிறது, வண்டியின் வேகம் மட்டும் ஏறவில்லை" என்று சொல்லியிருந்தால் கார்புரேட்டரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

கிளட்சு வேலை செய்யும் முறை எளிதே. எஞ்சினோடு சேர்ந்து எப்பொழுதும் சுழலும் கனத்த சக்கரம் ஒன்று உண்டு. அதனை ஃபிளைவீல் என்பர். அதையொட்டி, கியர்ப்பெட்டியின் தண்டில் செருகப்பட்டிருப்பது கிளட்சுத் தட்டு. வலிய வில்லொன்று இத்தட்டினைச் சக்கரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. இரண்டும் ஒன்றாய்ச் சுழல்கின்றன. நாம் மிதிகட்டையை அழுத்தும்பொழுது, கம்பிவடமோ எண்ணெய்க் குழாயோ ஒரு நெம்புகோலை அசைக்க, அது பேரிங் ஒன்றை முன்தள்ள, வில்லின் பிடி விலகுகிறது. பிடித்தல், விடுதல் ஆகிய இவ்விரண்டே கிளட்சின் தொழில். இத்தொழில் கெடும்பொழுது தோன்றும் குறிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது வழுக்கல். பிடி தளர்ந்து தட்டு நழுவுவது இது. ஏற்றத்தில் எஞ்சினின் இரைச்சல் கூடும், வேகம் கூடாது, கருகிய நாற்றமும் எழலாம். இதனைச் சோதிக்க, ஆளில்லாத சமதளத்தில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். மூன்றாம் கியரிலிட்டு, எஞ்சினைச் சற்றே விரைவாக ஓடவிட்டு, மிதிகட்டையை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்சாயின் எஞ்சின் உடனே நின்றுபோகும். நில்லாது ஓடிக்கொண்டேயிருந்தால் கிளட்சு வழுக்குகிறது என்று கொள்ளலாம். ஒருமுறை செய்தால் போதும். மீண்டும் மீண்டும் செய்தால் தட்டு சூடேறிக் கெடும்.

இரண்டாவது விடாமை. மிதிகட்டையை முழுதும் அழுத்திய பின்னரும் பிடி விலகாதிருப்பது இது. வண்டி நிற்கையில், எஞ்சின் மெல்ல ஓடும் நிலையில், மிதிகட்டையை அழுத்திச் சில நொடிகள் பொறுத்துப் பின்செல்லும் கியரைப் போடுங்கள். பற்கள் உராய்ந்து கறகறவென்று ஒலித்தால் பிடி விலகவில்லை என்பது பொருள்.

மூன்றாவது நடுக்கம். வண்டி புறப்படுகையில் குலுங்கும். தட்டில் எண்ணெய் படிந்திருத்தல் ஒரு காரணம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகள் இற்றுப்போதல் மற்றொன்று. பின்னது வெளியிலிருந்தே பார்த்து மாற்றக்கூடியது.

நான்காவது ஒலி. கியரிடாமல் எஞ்சினை ஓடவிட்டுக் கவனியுங்கள். மிதிகட்டையை அழுத்தும்பொழுது ஒலி எழுந்தால் கிளட்சை விடுவிக்கும் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். அழுத்தும்பொழுது ஒலி அடங்கி, விட்டவுடன் மீண்டும் எழுந்தால் கோளாறு பெரும்பாலும் கியர்ப்பெட்டியினுள் உள்ளது.

இனி, பிரிப்பதற்கு முன் பார்க்கவேண்டியது யாது? மிதிகட்டையைக் கையால் அழுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் அது சிறிது தூரம் தடையின்றி இறங்கவேண்டும். கம்பிவடம் உள்ள பல வண்டிகளில் இவ்விளையாட்டு 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டியின் கையேடு கூறும் அளவே முடிவானது. தட்டு தேயத்தேய இவ்விளையாட்டுக் குறையும். அறவே இல்லையெனில் பேரிங் ஓயாது அழுந்தி நின்று வழுக்கலை உண்டாக்கும். அளவுக்கு மிஞ்சினால் பிடி விலகாது. ஒரே திருகின் இருபுறத்தில் இரண்டு நோய்கள்! எண்ணெய்க் குழாய் உள்ள வண்டிகளில், எண்ணெய்க் கசிவும் குழாயினுள் காற்றுப் புகுதலும் விடாமைக்குக் காரணமாகும். இவற்றையெல்லாம் வெளியிலிருந்தே பார்க்கலாம். கியர்ப்பெட்டியை இறக்கினாலோ உறுப்பின் விலையோடு ஒரு நாள் கூலியும் சேரும். ஆதலின் வெளியே பார்த்த பின்னரே உள்ளே செல்க என்பதே விதி.

என் வண்டியில் அந்த விளையாட்டு அறவே இல்லை. முதல் நாளே கண்டிருந்தால் திருகொன்றைத் திருப்புவதோடு தீர்ந்திருக்கும். கார்புரேட்டரை நம்பி இரண்டு வாரம் ஓட்டியதால் தட்டு கருகிவிட்டது, மாற்றவேண்டியதாயிற்று.

கடற்கரையில் வாழ்வோர்க்கு மற்றொரு தொல்லை உண்டு. மே மாத விடுமுறைக்கு ஊர் சென்று ஜூன் மழையில் திரும்புகிறோம். உப்புக் காற்றிலும் ஈரத்திலும் அசையாது நின்ற வண்டியில், தட்டு துருவேறிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்வதுண்டு. அப்பொழுது மிதிகட்டை வழக்கம்போல் இறங்கும். கியர் மட்டும் விழாது. அதனை வலிந்து விடுவிக்க முயலாது மெக்கானிக்கை வரவழைப்பதே நன்று. வாரம் ஒருமுறை அண்டை வீட்டாரைக் கொண்டு சிறிது தூரம் ஓட்டச் செய்தால் இத்தொல்லை பெரும்பாலும் வாராது. பழைய தட்டுகள் பலவற்றில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசு நுரையீரலில் புற்றுநோயை விளைவிக்கவல்லது. ஆகவே கிளட்சைத் திறக்கும்பொழுது தூசை ஊதவோ உலரப் பெருக்கவோ கூடாது. குழந்தைகளை அருகில் விடலாகாது.

கிளட்சின் ஆயுள் பெரிதும் நம் இடக்காலைப் பொறுத்தது. சுமை லாரிகள் நெருங்கி நிற்கும் மட்டாஞ்சேரி பஜார் சாலையில் ஊர்ந்து செல்கையில், மிதிகட்டையின் மேல் காலை வைத்தபடியே பலர் ஓட்டுகின்றனர். ஏற்றத்தில் கைப்பிரேக்கைப் பயன்படுத்தாது கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிற்போரும் உளர். இவ்விரண்டும் தட்டினை எரிப்பவை.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ குடும்பத்தோடு ஊர் புறப்படுமுன் மேற்சொன்ன சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். கோவை வழியில் நெரிசலுக்குப் பெயர்பெற்றிருந்த குதிரான் ஏற்றத்திற்கு மாற்றாக, 2021-இலும் 2022-இலும் இரு சுரங்கப் பாதைகள் திறக்கப்பட்டன. ஆனால் மூணாறு வழியாகப் போடிமெட்டு இறங்கி மதுரை செல்வோர்க்குக் கொண்டை ஊசி வளைவுகள் இன்றும் உண்டு. ஏற்றத்தில் வழுக்கும் கிளட்சு இறக்கத்தில் இன்னும் அஞ்சத்தக்கது. தாழ்ந்த கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது அக்கிளட்சின் வழியாகத்தான். அப்பிடி நழுவினால் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிச் சோர்ந்துபோகும்.

பட்டறையில் உறுப்பின் பெயரைச் சொல்லி மாற்றச் சொல்லாதீர்கள். எப்பொழுது, எவ்விடத்தில், என்ன நேர்கிறது என்பதைச் சொல்லுங்கள். மொழி அரைகுறையாயினும் குறையில்லை. குறிகளைச் சரியாகச் சொன்னால் நோயைக் கண்டறிவது மெக்கானிக்குக்கு எளிதாகும்.