ரிப்போர்ட் நார்மல், ஆனாலும் தாடை மரத்துப்போகிறது



ரத்தப் புற்றுநோய்க்காக ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்று நம் பகுதியிலும் இருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று என்று நாம் சொல்வதும் இதைத்தான். நம் நாட்டில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தொடங்கிய சிகிச்சை இது. 1986 முதல் வேலூர் சி.எம்.சி.யில் நடக்கிறது. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவேட்டின் மூலம் உறவினர் அல்லாத டோனர்களும் கிடைக்கிறார்கள். சிகிச்சைக்குப் பணம் சேர்த்துக் கொடுத்து, ஆள் நல்லபடியாக ஊர் திரும்பிவிட்டால் நம் வேலை முடிந்தது என்றுதான் அறக்கட்டளையில் நாமும் எண்ணியிருந்தோம். ஒரு சகோதரருக்கு நேர்ந்தது அந்த எண்ணத்தை மாற்றியது. பெயரில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார்.

அவருக்கு மாற்று சிகிச்சை முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. டோனர் அவருடைய லாத்தா. மாதாமாதம் ரத்தம் பார்ப்பார். வெள்ளணு, பிளேட்லெட், ஹீமோகுளோபின் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு நாள் கீழுதட்டுக்கு அடியில், தாடையின் ஒரு பக்கம் மரத்துப்போனது. சவரம் செய்யும்போது பிளேடு படுவதே தெரியவில்லை. பல்லில்தான் கோளாறு என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போக, ஒரு கடைவாய்ப் பல் போனது, மரப்பு போகவில்லை. இரண்டு வாரத்தில் ஒரு பொருள் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. சாரல் நேரத்தில் குற்றாலம் போய்க் குளித்தாயே, அந்தக் குளிர்காத்துதான் என்றார் உம்மா. ரத்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கும் வந்தார். நாமும் பார்த்துவிட்டு, “அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நார்மல்” என்று சொல்லி அனுப்பினோம். தாமதத்தில் நமக்கும் பங்கு உண்டு.

கடைசியில் மாற்று சிகிச்சை நடந்த மருத்துவமனைக்குப் போனபோது, அவருடைய முதுகுத் தண்டு நீரில் பழைய நோயின் அணுக்கள் தெரிந்தன. அதே வாரம் எடுத்த எலும்பு மஜ்ஜையிலோ நோயே இல்லை.

மஜ்ஜையில் பிறக்கும் நோய், மஜ்ஜையை விட்டுவிட்டு வேறிடத்தில் திரும்புமா? திரும்பும். மாற்று சிகிச்சையில் நோயை அடக்குபவை இரண்டு. ஒன்று, முன்னதாகக் கொடுக்கும் கடுமையான மருந்தும் சில சமயம் கதிர்வீச்சும். மற்றொன்று, டோனரிடமிருந்து வந்த நோய் எதிர்ப்பு அணுக்கள். இவை உடம்பில் குடியேறி, ஒளிந்திருக்கும் புற்று அணுக்களைத் தேடி அழிக்கின்றன. இந்தக் காவல் ரத்தத்திலும் மஜ்ஜையிலும் பலமாக இருக்கும். மூளை, தண்டுவட நீர், ஆண்களின் விதைப்பை ஆகியவற்றுக்கு இயற்கையே ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டி மருந்தும் குறைவாகத்தான் போகும், காவல் அணுக்களும் குறைவாகத்தான் போகும். தோல், ஈறு, மார்பகம், நிணநீர்க் கட்டி, எலும்பை ஒட்டிய தசை போன்ற இடங்களிலும் நோய் கட்டியாக வளர்வதுண்டு.

திரும்பி வரும் நோயில் பெரும்பகுதி மஜ்ஜையில்தான் வருகிறது. வெளியில் மட்டும் வருவது குறைவு. ஆனால் அது பெரும்பாலும் மஜ்ஜையில் வருவதைவிடத் தாமதமாக வரும். அதற்குள் மருத்துவமனைப் பயணங்கள் மாதத்துக்கு ஒன்று என்பது போய் ஆறு மாதத்துக்கு ஒன்று என்று ஆகியிருக்கும். வீட்டிலும் பயம் தெளிந்திருக்கும்.

மாற்று சிகிச்சைக்குப் பின் “கைமெரிசம்” என்றொரு பரிசோதனை செய்வார்கள். ரத்தத்தில் எத்தனை சதவீதம் டோனருடைய அணு என்று பார்ப்பது அது. 100 சதவீதம் என்று வந்தால் வீட்டில் இனிப்பு கொடுப்போம், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்த 100 என்பது ரத்தத்தைப் பற்றிய செய்தி மட்டுமே. நம் சகோதரரின் ரத்த அணுக்கள் அனைத்திலும் லாத்தாவின் பெண் குரோமோசோம்கள்தான் இருந்தன. தண்டுவட நீரில் இருந்த புற்று அணுக்களில் ஆண் குரோமோசோம்கள். அதாவது, வந்தது அவருடைய சொந்தப் பழைய நோய். இதைக் கேட்ட பிறகுதான் அந்த லாத்தா, “என் ரத்தத்தில்தான் ஏதோ குறையோ” என்று அழுவதை நிறுத்தினார். டோனரின் அணுவிலேயே நோய் பிறப்பது மிக மிக அரிது. ரத்தம் கொடுத்த உறவுகளை யாரும் குறை சொல்லிவிட வேண்டாம்.

எதைக் கண்டால் கவனிக்க வேண்டும்? விடாத தலைவலி, அதிலும் காலையில் வாந்தியோடு வருவது, பார்வை இரண்டாகத் தெரிதல், முகம் ஒரு பக்கம் கோணுதல், தாடை மரத்தல், முதுகுவலியோடு கால் பலம் குறைதல் அல்லது சிறுநீர் போகாமல் அடைத்தல். இந்தக் கடைசி இரண்டும் தண்டுவடம் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். தோலில் கருஞ்சிவப்பாக, கெட்டியாக எழும் முண்டுகள், ஈறு வீக்கம், எங்காவது ஒரு கட்டி ஆகியவற்றையும் காட்டியாக வேண்டும்.

விதைப்பை வீக்கத்தைத் தனியாகச் சொல்கிறோம். அது வலிக்காது, அதனால் பதின்ம வயதுப் பையன்கள் உம்மாவிடமும் சொல்வதில்லை, வாப்பாவிடமும் சொல்வதில்லை. வாப்பாமார்கள் தாமாகவே கேட்டுவிட வேண்டும். பெண்கள் மார்பில் கட்டி தென்பட்டால் பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். வெட்கத்தால் மறைக்கக் கூடாது.

இந்த அறிகுறிகள் எல்லாமே மறுபடி வந்த நோய் என்று நினைத்துவிடவும் கூடாது. டோனர் அணுக்கள் உடம்பையே தாக்கும் ஜி.வி.எச்.டி.யிலும் தோல் தடிக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் காசநோய்க் கட்டி வரும், பூஞ்சைத் தொற்று வரும், மருந்தின் பக்கவிளைவும் வரும். வெளியிலிருந்து பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. ஸ்கேனும் தனியாகப் போதாது. பெட் ஸ்கேனில், சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் இடங்கள் ஒளிரும். புற்றும் ஒளிரும், தொற்றும் ஒளிரும். மூளை எப்போதும் சர்க்கரையை உறிஞ்சுவதால் அங்கே எம்.ஆர்.ஐ. தான் உதவும். ஸ்கேன் இடத்தைக் காட்டும். என்ன நோய் என்பதைச் சொல்வது பயாப்ஸி, அதாவது அங்கிருந்து எடுக்கும் சதைத் துணுக்கு.

அந்தத் துணுக்கைப் பார்க்கும் நோய்க்கூறு மருத்துவருக்கு, இவருக்கு முன்பு ரத்தப் புற்றுநோய் இருந்தது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் வேறு வகைப் புற்றாக எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. 1811இல் ஆலன் பர்ன்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இத்தகைய கட்டியை விவரித்தார். வெட்டினால் சில கட்டிகள் பச்சையாக இருந்ததால் 1853இல் அதற்குப் பச்சை நிறத்தை வைத்தே “குளோரோமா” என்று பெயரிட்டார்கள். அந்தப் பச்சைக்குக் காரணம் மைலோபெராக்ஸிடேஸ் என்னும் நொதி. இன்றும் மைலாய்டு வகை நோயா என்று அறிய, அந்த நொதியைத்தான் சாயம் ஏற்றித் தேடுகிறார்கள். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சில அணுக்கள் இத்தனை சோதனைக்கும் பல நேரம் போதாது. துணுக்கில் ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் உயிரோடு அனுப்பினால்தான் சில சோதனைகள் செய்ய முடியும். முடிந்தவரை மாற்று சிகிச்சை நடந்த இடத்திலேயே எடுக்கச் சொல்வது இதனால்தான்.

முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்ற பேச்சு நம்மிடம் இருக்கிறது. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசியைச் செலுத்துகிறார்கள். எடுப்பது சில மில்லி நீர். பிறகு சிலருக்குத் தலைவலி வந்து போகும். எடுத்த நீரில் அணுக்கள் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் சில மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். முதல் தடவை ஒன்றும் தெரியாமல், சந்தேகம் தொடர்ந்ததால் மறுபடி எடுத்துக் கண்டுபிடிப்பதும் உண்டு. “எத்தனை தடவை குத்துவார்கள்” என்று கோபப்படாதீர்கள். இவற்றோடு மஜ்ஜையையும் அதே சமயம் பார்ப்பார்கள். நோய் ஓர் இடத்தில் மட்டுமா, எங்குமா என்பதைப் பொறுத்தே கதிர்வீச்சு, முதுகு வழி மருந்து, மறுபடி டோனர் அணுக்கள் என்று சிகிச்சை மாறும்.

வேலூருக்கும் சென்னைக்கும் உடனே ஓட எல்லோராலும் முடியாது என்பது நமக்குத் தெரியும். அவசரம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆனால் மாற்று சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொண்டுபோய், முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். அங்கிருந்தே பழைய மருத்துவமனைக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். எங்கே போனாலும், மாற்று சிகிச்சை செய்த டாக்டரைக் கேட்காமல் கட்டிக்கு ஸ்டீராய்டு மருந்து எடுக்காதீர்கள். அது கட்டியைக் கொஞ்ச நாள் சுருக்கி, பயாப்ஸியையே குழப்பிவிடும்.

இந்த ஆண்டிலிருந்து மாற்று சிகிச்சை முடிந்தவர்களின் பயணச் செலவையும் ஸ்கேன் செலவையும் மருத்துவ உதவிக் கணக்கில் சேர்த்திருக்கிறோம். அவர்களுடைய சம்மரி, கடைசி மஜ்ஜை ரிப்போர்ட், டோனர் விவரம் மூன்றுக்கும் நகல் எடுத்து அலுவலகத்தில் வைத்துக்கொள்கிறோம். அஸர் தொழுகைக்குப் பிறகு மஃரிபு வரை ஆள் இருப்பார்கள். அசலையும் கொண்டுவாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தந்துவிடுவோம்.