பவளத் தொட்டியில் பாசியா? உங்களுக்குத் தெரியுமா?

● பாறையெல்லாம் பச்சை முடிப்பாசி மண்டிக் கிடக்கும். தண்ணீரைச் சோதித்தால் பாஸ்பேட் பூஜ்யம் என்று வரும். டெஸ்ட் கிட்டில் கோளாறு இல்லை. தண்ணீரில் சேரும் பாஸ்பேட்டைப் பாசி உடனுக்குடன் உறிஞ்சிவிடுகிறது. கிட் அளப்பது அது விட்டுவைத்த மிச்சத்தைத்தான். அதனால்தான் பிடுங்கி வெளியே போடும் ஒவ்வொரு பிடிப் பாசியும் முக்கியம். அது தின்ற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு சேர்ந்து தொட்டியை விட்டுப் போகின்றன. மருந்து ஊற்றிக் கொன்றாலோ, செத்த பாசி அழுகித் தின்றதையெல்லாம் தண்ணீரிலேயே கக்கிவிடும். அழுகும்போது ஆக்சிஜனும் குறையும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். கையும், பழைய பல் பிரஷும், அழுக்கை உறிஞ்சி எடுக்க ஒரு ட்யூபும்தான் முதல் மருந்து. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

● கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் ஏறத்தாழ 106:16:1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. இதன் அடிப்படையை 1934-ல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட். பாஸ்பரஸ் எவ்வளவு கொஞ்சமாகத் தேவைப்படுகிறது பாருங்கள். தொட்டியில் சிறிதளவு பாஸ்பேட் கூடினாலே பாசி ஏன் பொங்குகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

● அந்தப் பாஸ்பேட்டில் பெரும்பங்கு மீன் தீனி வழியாக வருகிறது. உறைந்த இறால் கட்டியை அப்படியே போடாமல், வலையில் வைத்துக் கரையவிட்டு, ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள்.

● வீட்டில் குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீர் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் விற்கும் குடிநீர்க் கருவிகள் பலவற்றில், சுவைக்காக ஆர்.ஓ. சவ்வு வழியே போகாத தண்ணீரைச் சிறிது கலந்துவிடும் அமைப்பு உண்டு. அதன் வழியே சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் தொட்டிக்குள் வந்துவிடலாம். ஆர்.ஓ.வுக்குப் பின் டி.ஐ. (அயனி நீக்கும்) ரெசினும் வைத்து, டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும் தண்ணீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும்.

● புதுத் தொட்டியில் சில வாரங்களில் மணல்மேல் பழுப்புத் தூசு படிந்தால் பதறாதீர்கள். அது டயாட்டம். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்பாசி. தண்ணீர் சுத்தமாக இருந்தால், சிலிக்கேட் தீர்ந்ததும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

● மணலைப் போர்த்தும் சிவப்பு வழுவழுப்பு பாசியே அல்ல, சயனோபாக்டீரியா என்னும் பாக்டீரியா. நீரோட்டம் எட்டாத மூலைகளில்தான் முதலில் படியும். உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த மூலைக்கு நீரோட்டம் போகும்படி பம்பைத் திருப்பி வையுங்கள். மூன்று நாள் விளக்கை அணைத்துவைப்பதும் ஒரு வழி. பவளங்கள் அதைத் தாங்கும். ஆனால் மூல காரணம் அப்படியே இருந்தால் விளக்கு எரிந்த சில நாளில் சிவப்பு திரும்பிவிடும்.

● பாசி மேய்பவை இல்லாத கடல் எப்படி ஆகும் என்பதற்கு ஜமைக்காவைவிடத் துயரமான சாட்சி இல்லை. 1983-ல் பனாமா கரையோரம் நீள்முள் கடல் முள்ளெலிகள் சாகத் தொடங்கின. ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்துக்குள் கரீபியக் கடல் முழுக்க நோய் பரவி, பெரும்பாலான இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மடிந்தன. ஜமைக்காவில் மேயும் மீன்களை ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். பாசியைத் தின்ன மிஞ்சியிருந்தவை முள்ளெலிகள்தாம். அவையும் போயின. 1970களின் பிற்பகுதியில் பாறைப் பரப்பில் 52 சதவீதம் உயிருள்ள பவளம், 4 சதவீதம் பாசி. 1990களின் தொடக்கத்தில் பவளம் 3 சதவீதம், பாசி 92 சதவீதம்! புயலும் நோயும் பவளங்களை அடித்துப் போட்டன; வெற்றிடத்தைப் பாசி பிடித்துக்கொண்டு புதுப் பவளம் முளைக்க இடமே விடவில்லை. அதே முள்ளெலிகளை 2022-ல் மறுபடியும் ஒரு கொள்ளைநோய் தாக்கியது. இம்முறை கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: சிலியேட் வகை ஒருசெல் உயிரி.

● தொட்டியிலும் அதே கணக்குதான். முள்ளெலி, நத்தை, சர்ஜன் மீன், பாறையைச் சுரண்டித் தின்னும் பிளென்னி மீன் எல்லாம் பாசி மேய்பவை. ஆனால் பாசி மிகுந்திருக்கும்போது கூட்டமாக வாங்கி விடாதீர்கள். பாசி தீர்ந்தபின் அவை பட்டினியில் சாகும், செத்த உடல் மீண்டும் பாசிக்கு உரமாகும். ஆஸ்ட்ரேயா நத்தை கவிழ்ந்தால் தானாக நிமிரமுடியாமல் அப்படியே இறந்துபோகும். தினமும் ஒருமுறை பார்த்துத் திருப்பிவிட வேண்டும். துறவி நண்டுகளோ ஓட்டுக்காக நத்தையையே கொல்லக்கூடியவை. ஆகவே அவற்றுக்குக் காலி ஓடுகளைப் பல அளவுகளில் போட்டுவையுங்கள்.

● கோலிக்குண்டு அளவில் பச்சைக் கண்ணாடியாய் மினுங்கும் வலோனியா, முழுக்க முழுக்க ஒரே ஒரு செல்! உலகின் மிகப் பெரிய ஒற்றைச் செல் உயிர்களில் ஒன்று. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பவளங்களின் இடுக்குகளில் பெருகி இடம் பிடித்துக்கொள்ளும். உடைக்காமல் அடியோடு பெயர்த்தெடுங்கள். எமரால்டு நண்டு இதை விரும்பித் தின்னும்.

● இன்னொரு எச்சரிக்கை, இதைக் கவனமாகப் படியுங்கள். பாசியைக் கொல்ல என்று தொட்டிப் பாறையைக் கொதிநீரில் போட்டவர்கள் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. பாறையில் ஒட்டி வளரும், பட்டன் பாலிப் என்று விற்கப்படும் ஜோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. கொதிக்கவைத்தாலோ, வெளியே எடுத்து அழுத்தித் தேய்த்தாலோ அது ஆவியோடும் திவலையோடும் நுரையீரலுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட பாறையை ஒருபோதும் கொதிக்கவைக்காதீர்கள். தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

● பாசியைக் கொண்டே பாசியை விரட்டலாம் என்று செய்து காட்டியவர் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வால்டர் ஏடி. 1980-ல் அங்கே திறந்த பவளப்பாறைக் காட்சித் தொட்டிக்கு, வலைத்தட்டில் பளீரென்ற விளக்கின்கீழ் பாசியை வேண்டுமென்றே வளர்த்தார். தொட்டி நீர் அதன்மேல் பாயும், சத்தை அந்தப் பாசி உறிஞ்சிக்கொள்ளும், அவ்வப்போது சுரண்டி எடுத்துவிடுவார்கள். இன்று பலர் சம்ப்பில் (கீழே வைக்கும் துணைத் தொட்டியில்) கீட்டோமார்ஃபா பாசியை வளர்த்து மாதாமாதம் அறுவடை செய்வதும் இதே தத்துவம்தான். கையால் பிடுங்கியபின் வீட்டுத் தொட்டிக்கு நான் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

● அளவுக்கு மீறிய சுத்தமும் ஆபத்து! நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யத்துக்கு இறக்கிய தொட்டிகளில்தான் டைனோஃபிளஜெல்லேட் என்னும் பழுப்புச் சளி அடிக்கடி கிளம்புகிறது. நூல்நூலாக, நுனியில் காற்றுக்குமிழோடு நிற்கும். அதைத் தின்ற நத்தைகள் இறக்கவும் கூடும். இங்கே வைத்தியம் தலைகீழ்: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மீண்டும் கொஞ்சம் தென்படும்படி தீனியைக் கூட்ட வேண்டும். ஆஸ்ட்ரியாப்சிஸ் போன்ற வகைகள் இரவில் மிதந்து எழுவதால், யூ.வி. கருவி அவற்றைக் குறைக்கும். நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் இருந்தால் பொதுவாகப் பயமில்லை.

● நம் மன்னார் வளைகுடாவிலும் பவளத்துக்கும் பாசிக்குமான இந்தப் போராட்டம் நடக்கிறது. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் காராஜீனனுக்காக, பிலிப்பைன்ஸ் கடல்களைச் சேர்ந்த கப்பாஃபைக்கஸ் பாசியை 1990களில் மண்டபம் கரையில் வளர்க்கத் தொடங்கினார்கள். அது மீனவக் குடும்பங்களுக்குப் பிழைப்பும் தந்தது. ஆனால் குருசடைத் தீவையொட்டிய பவளங்கள்மேல் அது படர்ந்து மூடியதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கையால் அகற்றினாலும் மிஞ்சிய துணுக்கிலிருந்து மறுபடி தழைக்கிறது.

ஹவாயின் கனியோஹே விரிகுடாவிலும் இதே பாசியினத்தால் கேடு. அங்கே படகில் ராட்சத உறிஞ்சு குழாயை வைத்து முதலில் பாசியை இழுத்தெடுக்கிறார்கள், பிறகு பண்ணையில் வளர்த்த கடல் முள்ளெலிக் குஞ்சுகளை 2011 முதல் அந்தப் பாறைகளில் விடுகிறார்கள், மிச்சத்தை மேய. பிடுங்கு, உறிஞ்சு, மேயவிடு: வீட்டுத் தொட்டிக்கும் இதே வரிசைதான்.

● நம் நாட்டில் பாறைக்காகக் கடலில் கை வைக்கவே கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. உலர்பாறை வாங்குங்கள். அதில் பழைய பாஸ்பேட் ஊறியிருக்கலாம் என்பதால் சில வாரம் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, பாஸ்பேட் இறங்கியபின் தொட்டியில் அடுக்குங்கள். பிறகு ஊதாநிறச் சுண்ணாம்புப் பாசி படிந்தால் மகிழ்ச்சியடையுங்கள், அதைச் சுரண்டாதீர்கள். அது பிடித்த இடத்தில் முடிப்பாசிக்கு இடம் குறைவு.

● 1984-ல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் கீழே கடலில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் காலெர்ப்பா பாசி தென்பட்டது. மீன் காட்சித் தொட்டிகளில் அலங்காரத்துக்கு வளர்த்த ரகம் அது. பின்னர் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. 2000-ல் கலிஃபோர்னியாவின் ஒரு காயலில் அதே ரகம் தெரிந்தபோது, தார்ப்பாயால் மூடி அடியில் குளோரின் செலுத்தி, 2006-ல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். துணுக்கு ஒன்று போதும், அது முளைக்கும். அதனால் உங்கள் தொட்டியில் பிடுங்கிய பாசியைச் சாக்கடையிலோ, கடலிலோ, கழிமுகத்திலோ போடாதீர்கள். வெயிலில் சருகாகக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். பாசி அலசிய உப்புத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்திருந்து, பிறகு கொட்டுங்கள்.