பட்டியல் தயார், பந்தயம் எங்கே?

ஒரு கால்பந்து அணியை உருவாக்கப் பல மாதங்கள் தேவை. அதை முடக்க ஒரு கடிதம் போதும் என்று 2025ல் பெங்களூர் தெரிந்துகொண்டது.

2025 ஆகஸ்ட் 3ம் தேதி சுனில் சேத்ரிக்கு 41 வயது நிறைந்தது. மறுநாள் திங்கள்கிழமை, அவர் ஆடும் பெங்களூரு எஃப்.சி. கிளப் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் அணியின் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் காலவரையின்றி நிறுத்தி வைக்கப்படுகிறது என்பதுதான் அதன் சாரம். இளையோர் அணிகளும் சிறுவர்களுக்கான பயிற்சிப் பள்ளிகளும் வழக்கம்போல நடக்கும் என்பது மட்டுமே அதிலிருந்த ஆறுதல்.

தோற்று நொடித்துப்போன கிளப் அல்ல அது. நான்கே மாதங்களுக்கு முன், ஏப்ரல் 12ம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் இந்தியன் சூப்பர் லீக்கின் இறுதியாட்டத்தில் மோகன் பகானை எதிர்த்து ஆடிய அணி. கூடுதல் நேரம்வரை இழுத்தடித்து 2-1 என்ற கணக்கில்தான் தோற்றது. பின்னால் இருப்பதோ ஜே.எஸ்.டபிள்யு. என்ற பெரிய தொழில் குழுமம். அந்த வாரத்திலேயே சென்னையின் எஃப்.சி.யும் தன் நடவடிக்கைகளை நிறுத்தி வைத்தது. ஒடிஷா எஃப்.சி.யும் அதே வழியில் போனது.

என்ன நடந்தது? ஜூலை 11ம் தேதி கிளப்களுக்கு ஒரு கடிதம் வந்தது. லீக்கை அப்போது நடத்திய எஃப்.எஸ்.டி.எல். நிறுவனம், 2025-26 பருவத்தை நிறுத்தி வைப்பதாக அதில் சொல்லியிருந்தது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துடன் 2010 டிசம்பரில் போட்ட 15 ஆண்டு, 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ம் தேதி முடியவிருந்தது. பருவத்தின் நடுவில் உரிமையே போய்விடும் என்றால் எதை நம்பி விளம்பரம் பிடிப்பது, எதை நம்பி ஒளிபரப்பை விற்பது என்பது நிறுவனத்தின் வாதம். சம்மேளனத்தின் விதிமுறைகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. தீர்ப்பு வரும்வரை புதிய ஒப்பந்தம் போட சம்மேளனத்தால் முடியவில்லை. இவர் அவரைப் பார்க்க, அவர் நீதிமன்றத்தைப் பார்க்க, இடையில் சிக்கியவர்கள் வீரர்கள்.

கால்பந்து பருவம் விசில் ஊதும்போது தொடங்குவதில்லை. இந்தியாவில் வீரர்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மே 31ம் தேதி முடிகின்றன. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது, எந்த இடத்துக்கு ஆள் தேடுவது என்ற கணக்குகள் அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஜூன், ஜூலையில் பேரம். பிறகு முன்பருவப் பயிற்சி. பெங்களூரு அணி பல ஆண்டுகள் இதற்காகப் பெல்லாரி பக்கம் விஜயநகரில் உள்ள விளையாட்டு மையத்துக்குப் போனது. விடுமுறையில் தளர்ந்த உடம்பைப் போட்டிக்கு ஏற்ற உடம்பாக மாற்ற ஐந்தாறு வாரம் வேண்டும். அந்த வாரங்களில்தான் பயிற்சியாளர் கையில் ஒரு பட்டியல் உருவாகிறது. கோல்கீப்பர் இருவரா, மூவரா? இடது பின்களத்துக்கு மாற்று ஆள் யார்? அதிகபட்சம் ஆறு வெளிநாட்டு வீரர்களைப் பதிவு செய்யலாம், களத்தில் நால்வர்தான் நிற்கலாம் என்ற விதிக்குள் யார் யார்? எல்லாமே முதல் ஆட்டத்தின் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடும் கணக்கு. அந்தத் தேதியே இல்லை என்றால் கணக்கும் இல்லை.

எத்தனை வீரர்களுக்குக் கையெழுத்துப் போடலாம் என்று தெரியாமல் கிளப் தவிக்கும். வேறு ஊருக்குப் போகலாமா, காத்திருக்கலாமா என்று வீரர் தவிப்பார். ஐரோப்பியருக்கோ பிரேசில்காரருக்கோ இந்தோனேசியா, தாய்லாந்து என்று வேறு வாசல்கள் உண்டு. ஐஸ்வாலிலிருந்தோ இம்பாலிலிருந்தோ வந்த 24 வயது டிஃபென்டருக்கு அப்படி வாசல்கள் குறைவு. கால்பந்து வீரர் நன்றாகச் சம்பாதிக்கும் காலம் பத்து ஆண்டுகள் இருந்தால் பெரிது. அதில் ஓராண்டு வீணானால் திரும்பக் கிடைக்காது.

உரிமை இல்லாமலும் இல்லை. சர்வதேசச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிப்படி, இரண்டு மாதச் சம்பளம் முறைகேடாக நிறுத்தப்பட்டால், வீரர் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பலாம். அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். ஆனால் எங்கே போவது? நாட்டில் எந்த கிளப்புக்கும் லீக் தேதி தெரியாதபோது, விடுதலை பெற்ற வீரருக்கு வெளியே காத்திருப்பது வேலையின்மைதான்.

இந்த ஊருக்கு இதில் ஒரு தனி வேதனை உண்டு. கால்பந்து பெங்களூருக்கு நேற்று வந்த விருந்தாளி அல்ல. 1937ல் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி. அடுத்த ஆண்டும் அதுவே. கண்டோன்மெண்ட் பகுதியில், தமிழர்கள் நிறைந்த அல்சூர், கவுதமபுரம், ஆஸ்டின் டவுன் தெருக்களில் பந்து இல்லாத மாலை கிடையாது. கவுதமபுரத்தில் பீலேவுக்கே சிலை வைத்திருக்கிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் அப்போதைய மைசூர் அணியின் வீரர். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியிலும் பெங்களூரின் அருமைநாயகம் இருந்தார்.

அந்தக் காலத்திலும் வீரர்களைப் பிடிக்கும் பருவம் உண்டு. அது நடந்த இடம் கல்கத்தா. 1950களை ஒட்டி ஈஸ்ட் பெங்காலின் முன்களத்தில் ஆடி 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர் வாங்கிய ஐவரில் அகமது கான் பெங்களூர்க்காரர். அப்பாராவ் ஆந்திரத்திலிருந்தும் சாலே கேரளத்திலிருந்தும் போனவர்கள். பிற்காலத்தில் அங்கே கிளப் மாறும் பருவம் வந்தாலே, வீரரின் பதிவு டோக்கன் யார் கையில் என்பதுதான் பேச்சு. எதிரணி கண்ணில் படாமல் வீரர்களை ஒளித்து வைத்த கதைகள் ஏராளம். கேலிக்கூத்துதான். ஆனால் லீக் நடக்குமா என்ற சந்தேகம் மட்டும் யாருக்கும் இருந்ததில்லை.

போக விரும்பாதவர்களுக்கு ஊரிலேயே வேறு ஏற்பாடு இருந்தது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் வேலை கொடுத்து அணி சேர்த்தன. எம்.இ.ஜி., ஏ.எஸ்.சி. என்ற ராணுவ அணிகள் தனி. சம்பளம் அதிகமில்லை, ஆனால் மாதம் பிறந்தால் வரும். ஆடுவதை நிறுத்தினாலும் ஓய்வு பெறும்வரை வரும். போட்டி தள்ளிப்போனால் வீரர் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேசைக்குப் போய்விடலாம். இப்படித் தன் ஊழியர்களை நம்பியே, ஒரு வெளிநாட்டு வீரர்கூட இல்லாமல், எச்.ஏ.எல். 2010 முதல் 2012 வரை இரண்டு பருவம் ஐ-லீகில் தாக்குப்பிடித்தது. பிறகு கீழே இறங்கியது. பணம் கொட்டும் கிளப்களோடு மோத அந்த முறையால் முடியவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 2013 ஜூலையில், பெங்களூரு எஃப்.சி. பிறந்தது. கையில் ஒரு வீரரும் இல்லாத நிலையில் தொடங்கி, சில வாரங்களில் அணி சேர்த்து, முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டத்தை வென்றது. சேத்ரி அப்போது வந்தவர். 2016ல் ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதியாட்டம்வரை போன முதல் இந்திய கிளப்பும் இதுதான்.

பட்டியல் கலைவது இதற்குப் புதிதல்ல. 2017ல் ஐ-லீகிலிருந்து சூப்பர் லீகுக்கு மாறியபோது, மூத்த வீரர்களில் இரண்டே பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றது விதி. சேத்ரியையும் உதாந்தா சிங்கையும் வைத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகள் சேர்த்துக் கட்டிய அணியின் மற்ற பலர் மும்பையில் நடந்த தேர்வுக்குப் போனார்கள். யூஜின்சன் லிங்டோ கொல்கத்தாவுக்கும் ரினோ ஆன்டோ கேரளாவுக்கும் போனார்கள். அதே தேர்வில் பெங்களூர் எடுத்த வீரர்களில் ஒருவர் ராகுல் பேக்கே. 2019 மார்ச்சில் கோவா அணிக்கு எதிரான இறுதியாட்டத்தில் அவர் அடித்த ஒரே கோல்தான் பெங்களூருக்கு சூப்பர் லீக் பட்டத்தைத் தந்தது. விதி கடுமையானதுதான். ஆனால் முன்கூட்டியே தெரிந்த விதி. அதனால் திட்டமிட முடிந்தது.

பட்டியலில் ஒரு பெயர் எப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு தமிழ் இளைஞர் நல்ல உதாரணம். காரைக்குடி அருகே கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன், முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளியிலிருந்து 2020ல் பெங்களூர் வந்தவர். நேராக முதல் அணிக்குப் போகவில்லை. கிளப்பின் ரிசர்வ் அணிக்காக பெங்களூர் சூப்பர் டிவிஷன் லீகில் ஆடினார். அங்கே கோல்களாகக் குவித்தார். தொலைக்காட்சி அதிகம் எட்டிப் பார்க்காத அந்த உள்ளூர் லீகில்தான் பயிற்சியாளர்கள் ஒரு பையனின் காலையும் மனதையும் எடைபோடுகிறார்கள். 2022 செப்டம்பரில் டியூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் மும்பைக்கு எதிராக முதல் கோல் அவருடையது. அந்தப் பருவத்தின் சூப்பர் லீகில் வளரும் வீரருக்கான விருதும் அவருக்கே. ரிசர்வ் அணியிலிருந்து முதல் அணிக்கு இரண்டே ஆண்டு.

அந்த ஏணி நிற்பது மேலே ஒரு லீக் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வீழ்த்தி கர்நாடகம் 54 ஆண்டுகளுக்குப் பிறகு சந்தோஷ் கோப்பையை வென்றது. ஊரில் திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் மாநில அணியில் ஜொலித்தவருக்கு அடுத்த படி தொழில்முறை கிளப்தான். பெரிய கிளப் தன் பட்டியலைச் சுருக்கினால், மேலே இருப்பவர் கீழே வருவார். கீழே இருப்பவருக்கு இடமே இருக்காது.

2025ன் மீதி மாதங்கள் காத்திருப்பிலேயே போயின. டியூரண்ட் கோப்பையில் ஆறு சூப்பர் லீக் அணிகள்தான் ஆடின. பெங்களூர் அவற்றில் இல்லை. செப்டம்பர் 19ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அக்டோபர் கடைசியில் கோவாவில் சூப்பர் கோப்பை தொடங்கியது. வீரர்களின் கால்களுக்குக் கொஞ்சம் வேலை கிடைத்தது. லீக்கின் வணிக உரிமைக்கு சம்மேளனம் டெண்டர் விட்டது. நவம்பர் 7ம் தேதி கெடு முடிந்தபோது ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை.

அதே நவம்பரில் பெங்களூருக்கு எதிர்பாராத ஒரு லாபம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்து, 2023ல் இங்கே வந்த ரையன் வில்லியம்ஸ் இந்தியக் குடிமகனானார். அவருடைய தாய் மும்பையின் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அதனால் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்தார். இந்திய அணிக்காக ஆட வேண்டும் என்பது அவர் ஆசை. கிளப்பின் கணக்கிலோ வெளிநாட்டு வீரர் வரிசையில் ஓர் இடம் காலியானது. லீக் இருக்கிறதா என்றே தெரியாத மாதத்தில் ஒருவர் நாட்டையே மாற்றிக்கொண்டு இந்தியக் கால்பந்தின் மீது பந்தயம் கட்டினார் என்பது இந்தக் கதையின் வினோதம்.

கடைசியில் 2026 ஜனவரி 6ம் தேதி மத்திய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார்: பிப்ரவரி 14ல் லீக் தொடங்கும், 14 கிளப்களும் ஆடும், மொத்தம் 91 ஆட்டங்கள். ஓர் அணி இன்னோர் அணியை ஒரே முறைதான் சந்திக்கும். ஒவ்வோர் அணிக்கும் 13 ஆட்டம். முந்தைய பருவத்தில் லீக் கட்டத்தில் மட்டும் ஆளுக்கு 24. செப்டம்பரில் தொடங்க வேண்டியது ஐந்து மாதம் தள்ளி, ஏறக்குறைய பாதியாகச் சுருங்கி வந்தது. பல மாதம் இழுத்த விஷயத்துக்கு, பட்டியல் தயாரிக்க கிளப்களுக்குக் கிடைத்தது ஐந்தரை வாரம்.

பழைய பொதுத்துறை அணிகளின் காலம் திரும்பாது. திரும்ப வேண்டும் என்று வீரர்களும் கேட்பதில்லை. ஒப்பந்த முறை அவர்களுக்கு நல்ல பணம் தந்தது, நல்ல மைதானம் தந்தது. ஆனால் எச்.ஏ.எல். வீரரிடம் இருந்த ஒன்று சேத்ரி அணியின் இளைஞர்களிடம் அந்த ஆகஸ்டில் இல்லை: அடுத்த மாதமும் இந்த வேலை இருக்கும் என்ற உறுதி. நீண்டகால அட்டவணையும், யார் நடத்தினாலும் நிற்காத லீக்கும்தான் அதற்கு மாற்று. கிளப்பின் பணப்பெட்டி எவ்வளவு பெரிதானாலும் இந்த இரண்டையும் அதனால் வாங்க முடியாது.

சூப்பர் டிவிஷன் மைதானத்தில் அடுத்த சிவசக்தி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கலாம். அவர் பெயரைப் பட்டியலில் எழுதுமுன் கிளப்புக்கு ஒரே ஒரு விவரம் தெரிய வேண்டும். முதல் ஆட்டம் எந்தத் தேதியில்?