கோவளம் தேவாலயத்தில் உறங்கும் 'டிமான்டி காலனி' வியாபாரி... சொத்துக்குக் கணக்கு கேட்கலாமா?

'டிமான்டி காலனி' என்றதும் 2015-ல் வந்த பேய்ப்படம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அந்தப் பெயருக்குரிய ஜான் டிமான்டி பேய் அல்ல. போர்ச்சுக்கீசிய வம்சாவளி வியாபாரி. மாமல்லபுரத்திலிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே சுமார் 20 கி.மீ. வந்தால் கோவளம். அங்கே 1808-ல் அவர் கட்டிய கார்மேல் அன்னை தேவாலயத்திலேயே அவரது கல்லறையும் இருக்கிறது.

சென்னையில் 'அர்பத்நாட் டிமான்டி அண்ட் கோ' நிறுவனத்தின் பங்குதாரர் அவர். 1821-ல் இறந்தபோது, ஆழ்வார்பேட்டை இடம் உட்படத் தன் சொத்துகளைத் தர்ம காரியங்களுக்காக மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்கு விட்டுச்சென்றார்.

அவர் காலத்துக்குப் பிறகு அந்த நிறுவனம் 'அர்பத்நாட் அண்ட் கோ' ஆனது. பொதுமக்களிடம் டெபாசிட்டும் வாங்கியது. வெள்ளைக்காரர் கம்பெனி, பணம் எங்கே போகும் என்று நம்பிப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில். 1906 அக்டோபரில் கம்பெனி திவால்! லண்டன் கூட்டாளியின் சூதாட்டம் போன்ற முதலீடுகள் முக்கியக் காரணம். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. அந்த அடியில் பிறந்ததுதான் 1907-ல் தொடங்கிய இந்தியன் வங்கி.

கம்பெனி போய்விட்டது, தேவாலயத்திடம் கொடுத்த சொத்து நிலைத்தது. அதற்காக, தேவாலயம் என்பதாலேயே கணக்கு சரியாக இருந்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமும் அப்படி நம்பிவிடவில்லை என்பதுதான் சுவாரஸ்யம்.

1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 537-வது பிரிவுப்படி, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும். வரவு செலவுப் புத்தகம் ஒழுங்காக எழுத வேண்டும், ஆண்டு முடிவில் அறிக்கை தர வேண்டும் என்கிறது 1284. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287. டிமான்டி போன்றவர்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது 1300: சொத்து கொடுத்தவரின் விருப்பத்தை அப்படியே நிறைவேற்ற வேண்டும்.

இது போக, வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை என்றால் வருமானத்தில் 85 சதவிகிதத்தை அறப்பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது வருமான வரிச் சட்டம்.

பங்கு மக்கள் அதிகம் அறியாதது 1298-வது பிரிவு. தேவாலயச் சொத்தை, அதை நிர்வகிப்பவருக்கோ அவரின் நெருங்கிய உறவினருக்கோ விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. சொற்ப மதிப்புள்ள பொருள் என்றால் மட்டுமே விலக்கு. மற்றபடி மேலிடத்தின் தனி அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும்!