நூறு ரூபாய் அபராதத்துக்கு ஓர் உயிர்!

2018 மார்ச் 7. விடிந்தால் மகளிர் தினம். அன்று மாலை திருச்சியை நோக்கி ஓர் இளம் தம்பதி பைக்கில் வந்துகொண்டிருந்தார்கள். துவாக்குடி டோல்கேட் அருகே வாகனச் சோதனை. கணவர் தலையில் ஹெல்மெட் இல்லை. சோதனை நடந்த இடத்தைத் தாண்டி பைக் போய்விட, இன்ஸ்பெக்டர் ஒருவர் விரட்டிச் சென்றார். பெல் கணேசா ரவுண்டானா அருகே அவர் பைக்கை எட்டி உதைத்தார் என்பது புகார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி சாலையில் விழுந்தார். பிழைக்கவில்லை.

செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு திருச்சி - தஞ்சாவூர் சாலையை மறித்தார்கள். கூட்டத்தைக் கலைக்கத் தடியடி நடந்தது. இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது அரசு.

அன்றைய மோட்டார் வாகனச் சட்டப்படி, ஹெல்மெட் போடாமல் முதல் முறை பிடிபட்டால் அபராதம் அதிகபட்சம் 100 ரூபாய். அந்த 100 ரூபாய்க் குற்றத்துக்காகத்தான் அந்தத் துரத்தல்.

மூன்று ஆண்டுகள் கழித்து சேலம் மாவட்டத்தில் இன்னொரு சோகம். 2021 ஜூன் 22, கொரோனா ஊரடங்கு நேரம். பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில், நண்பர்களுடன் பைக்கில் வந்த வியாபாரி ஒருவரை போலீஸார் நிறுத்தினார்கள். வாக்குவாதம் முற்றியது. சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் அவரை லத்தியால் சரமாரியாக அடித்தார். செல்போனில் பதிவான அந்தக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. மறுநாள் அந்த வியாபாரி இறந்துபோனார். அடித்தவர் கைதானார். இந்த முறை அறிவிக்கப்பட்ட நிவாரணம் 10 லட்சம் ரூபாய்.

அடி எதற்கு விழுகிறது?

இரண்டு சம்பவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். அபராதம் என்பது செய்த தவறுக்கு. அடி என்பது, `நான் கைகாட்டியும் நிற்காமல் போகிறாயா', `என்னையே எதிர்த்துப் பேசுகிறாயா' என்ற கோபத்துக்கு. அந்தக் கோபத்துக்குச் சட்டத்தில் எந்தப் பிரிவும் கிடையாது.

வெயிலிலும் புகையிலும் நாள் முழுக்க நிற்கும் போலீஸாரின் சிரமம் உண்மைதான். நிற்காமல் பறக்கும் வண்டிகள் அவர்கள் மீதே மோதுவதும் நடக்கிறது. ஆனால், தப்பிப் போகிற வண்டிக்கும் நம்பர் பிளேட் இருக்கிறதே! எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும், அபராத ரசீது உரிமையாளரைத் தேடிப் போய்விடும்.

கேரள உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் இதைத்தான் சொன்னது. ஹெல்மெட் போடாதவர்களை விரட்டிப் பிடிக்காதீர்கள், கேமரா போன்ற வசதிகளைப் பயன்படுத்துங்கள் என்றது. அதே மாதம் கொல்லம் மாவட்டம் கடக்கல் பகுதியில், நிற்காமல் போன இளைஞர் மீது போலீஸ்காரர் ஒருவர் லத்தியை வீசினார். பைக் தடுமாறி, எதிரே வந்த வாகனத்தில் மோதியது. இளைஞர் படுகாயமடைந்தார். லத்தியை வீசியவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

கைது செய்யப்படுபவரைக்கூட, தப்பிவிடாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 46-வது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இதே விதி இருந்தது. கைதுக்கே இவ்வளவுதான் அனுமதி என்றால், ஹெல்மெட் போடாதவரை உதைக்க யாருக்கு உரிமை?

வாகன ஓட்டிகளுக்கும் கடமை உண்டு. சீருடையில் இருக்கும் போலீஸார் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும். கையில் அட்டை இல்லையென்றால் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாஹன் செயலியில் காட்டலாம். ஹெல்மெட், பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம். இப்போது அபராதம் 1,000 ரூபாய்.

கை நீட்டினால் என்ன செய்வது? அங்கேயே மல்லுக்கட்ட வேண்டாம். அதிகாரியின் பெயர், இடம், நேரம், போலீஸ் வாகனத்தின் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். காயம் இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படி ஏற்பட்டது என்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ, மாநகரமாக இருந்தால் காவல் ஆணையருக்கோ எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள்.

மாநில மனித உரிமை ஆணையத்தையும் நாடலாம். சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

ஹெல்மெட் சட்டம் வந்ததே சாலையில் விழுந்து யாரும் சாகக் கூடாது என்பதற்காகத்தான். அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி நடந்த துரத்தலில்தான், அன்று ஒரு பெண் சாலையில் விழுந்தார். தப்பிப் போகிறவரிடம் அபராதத்தை நாளைக்குக்கூட வசூலிக்கலாம். போன உயிரை எந்த நிவாரணத்தாலும் திருப்பித் தர முடியாது.