மேடையில் ஒரு வரி... வானொலியில் மௌனம்: 'டிக்ஸி சிக்ஸ்' குழுவை அமெரிக்கா ஒதுக்கியது எப்படி?

2003 மார்ச் 10. லண்டனில் உள்ள ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கம். இராக் மீது அமெரிக்கா படையெடுக்க இன்னும் பத்து நாட்கள்கூட முழுசாக இல்லை. மேடையில் அமெரிக்காவின் புகழ்பெற்ற பெண்கள் இசைக்குழுவான 'டிக்ஸி சிக்ஸ்'. ஒரு பாடலுக்கு முன்பு முதன்மைப் பாடகி நடாலி மெய்ன்ஸ் மைக்கில் பேசினார். தாங்களும் நல்லவர்கள் பக்கம்தான், இந்தப் போரும் வன்முறையும் வேண்டாம், அமெரிக்க அதிபர் டெக்சாஸ்காரர் என்பதில் வெட்கப்படுகிறோம் என்றார்.

அரங்கம் கைதட்டியது. அடுத்த பாட்டு தொடங்கியது. மொத்தமே சில விநாடிகள்தான்.

ஆனால், அடுத்த இரண்டு வாரங்களுக்குள் அவர்களின் பாடல்கள் அமெரிக்காவின் பல ரேடியோ ஸ்டேஷன்களில் ஒலிப்பது நின்றுபோனது. சிடிக்கள் தெருவில் நொறுக்கப்பட்டன. சில மாதங்களில் கொலை மிரட்டலும் வந்தது. இசைக்கலைஞர் ஒருவர் அரசியல் பேசி சர்ச்சையில் சிக்கும்போதெல்லாம் இந்தச் சம்பவம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அப்படி என்னதான் நடந்தது?

யார் இந்த டிக்ஸி சிக்ஸ்?

1989ஆம் ஆண்டு டெக்சாஸ் மாகாணத்தின் டல்லாஸ் நகரில் தொடங்கப்பட்ட குழு இது. சகோதரிகளான மார்ட்டியும் எமிலியும் ஃபிடில், பாஞ்சோ வாசிப்பவர்கள். டெக்சாஸின் லப்பாக் நகரைச் சேர்ந்த நடாலி மெய்ன்ஸ் 1995ல் பாடகியாக இணைந்தார். அதன்பிறகு குழுவின் வளர்ச்சி ஜெட் வேகம். 1998, 1999ஆம் ஆண்டுகளில் வெளியான இரண்டு ஆல்பங்களும் அமெரிக்காவில் தலா ஒரு கோடி பிரதிகளைத் தாண்டின.

அவர்கள் பாடியது 'கன்ட்ரி' இசை. தெற்கு மாகாணங்களின் கிராமம், சிறுநகரம், தேவாலயம், ராணுவக் குடும்பங்கள் என்று வேர்விட்ட இசை வடிவம் அது. 2003 ஜனவரியில் சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் அமெரிக்க தேசிய கீதம் பாட அழைக்கப்பட்டதும் இதே குழுதான். மார்ச் மாதம் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த அவர்களின் 'டிராவலின் சோல்ஜர்' பாடல்கூட, வியட்நாம் போரில் உயிரிழக்கும் இளம் சிப்பாயைப் பற்றியதுதான்.

அதாவது, ராணுவக் குடும்பங்கள் 'நம்ம வீட்டுப் பெண்கள்' என்று கொண்டாடிய குழு. அதனால்தான் அடி பலமாக விழுந்தது.

லண்டனில் சொன்னது டெக்சாஸுக்கு எப்படிப் போனது?

அப்போது ஃபேஸ்புக் இல்லை, யூடியூப் இல்லை, ட்விட்டரும் இல்லை. நிகழ்ச்சி முடிந்த இரண்டாவது நாள் பிரிட்டனின் 'தி கார்டியன்' நாளிதழில் இசை விமர்சனம் ஒன்று வெளியானது. அதில் 'வெட்கப்படுகிறோம்' என்ற வரி இருந்தது. போரும் வன்முறையும் வேண்டாம் என்ற முன்பகுதி இல்லை. அந்தச் சிறு துண்டை அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. இணையம் வழியாகவும் வேகமாகப் பரவியது.

லண்டன் மேடையில் அந்தப் பேச்சு பெரிதாகத் தெரியாததற்குக் காரணம் உண்டு. அதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 15 அன்று, போரை எதிர்த்து லட்சக்கணக்கானோர் பேரணி சென்ற நகரம் அது. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து 18 மாதங்களே ஆகியிருந்தன. போர் தொடங்கியபோது 10 அமெரிக்கர்களில் 7 பேர் ஆதரித்ததாகக் கருத்துக்கணிப்புகள் காட்டின.

இன்னொரு விஷயமும் ரசிகர்களைச் சுட்டது. சொந்த நாட்டு அதிபரை வெளிநாட்டு மண்ணில் நின்று விமர்சித்துவிட்டார் என்பதுதான் அது. வீட்டுச் சண்டையை அடுத்த தெருவில் போய்ச் சொன்னதுபோல அதை எடுத்துக்கொண்டார்கள்.

மன்னிப்பு கேட்டும் ஏன் அடங்கவில்லை?

மெய்ன்ஸ் முதலில் விளக்கம் கொடுத்தார். பிறகு மார்ச் 14 அன்று மன்னிப்பும் கேட்டார். அதிபர் பதவியில் யார் இருந்தாலும் அந்தப் பதவிக்கு மரியாதை தர வேண்டும், தன் பேச்சு மரியாதைக் குறைவானது என்று ஒப்புக்கொண்டார். ஆனால், போர் பற்றிய தன் கவலையை அவர் திரும்பப் பெறவில்லை.

அதற்குள் விஷயம் கைமீறிவிட்டது. லூசியானா மாகாணத்தின் போசியர் சிட்டியில் சிடிக்களைத் தரையில் பரப்பி டிராக்டர் ஏற்றி நொறுக்கினார்கள். ரேடியோ ஸ்டேஷன்களுக்கு அழைப்புகள் குவிந்தன. அவர்களின் 'லேண்ட்ஸ்லைட்' பாடல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் ஒரே வாரத்தில் 10ஆம் இடத்தில் இருந்து 43ஆம் இடத்துக்கு விழுந்தது. 'டிராவலின் சோல்ஜர்' பாடலும் முதலிடத்தை இழந்து சீக்கிரமே பட்டியலில் இருந்து காணாமல் போனது.

கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு ஸ்டேஷனின் இரண்டு ஆர்ஜேக்கள் தடையை மீறி இந்தக் குழுவின் பாடல்களைத் தொடர்ந்து ஒலிபரப்பினார்கள். இருவருமே சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். 2003 ஜூலையில் டல்லாஸ் நிகழ்ச்சிக்கு முன்பு, மெய்ன்ஸை மேடையிலேயே சுட்டுக்கொல்வோம் என்று மிரட்டல் கடிதம் வந்தது. பலத்த பாதுகாப்புடன் அவர் அன்று பாடி முடித்தார்.

பாட்டை நிறுத்தியது யார்?

இந்த விவகாரத்தின் மையமே இந்தக் கேள்விதான்.

2003ல் ஒரு பாட்டு மக்களைச் சென்றடைய முக்கிய வழி ரேடியோ. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையே அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில்தான் திறக்கப்பட்டது. குறிப்பாக கன்ட்ரி இசையில் ரேடியோவில் வராத பாட்டு கடையில் விற்பது கஷ்டம்.

அந்த ரேடியோ யார் கையில் இருந்தது? 1996க்கு முன்பு ஒரு நிறுவனம் நாடு முழுக்க அதிகபட்சம் 40 ஸ்டேஷன்கள்தான் வைத்திருக்கலாம். அந்த ஆண்டு வந்த தொலைத்தொடர்புச் சட்டம் இந்தத் தேசிய உச்சவரம்பை நீக்கியது. பெரிய நிறுவனங்கள் சிறிய ஸ்டேஷன்களை வரிசையாக வாங்கின. 2003க்குள் 'கிளியர் சேனல்' நிறுவனத்திடம் மட்டும் சுமார் 1,200 ஸ்டேஷன்கள் சேர்ந்துவிட்டன.

இன்னொரு பெரிய நிறுவனமான 'கியூமுலஸ் மீடியா', தன் கன்ட்ரி ஸ்டேஷன்கள் அனைத்திலும் டிக்ஸி சிக்ஸ் பாடல்களை 30 நாட்களுக்கு நிறுத்தியது. நேயர்களின் கோபத்துக்கு மதிப்பளித்தோம் என்பது அந்த நிறுவனத்தின் வாதம். கிளியர் சேனலோ, தலைமையகத்தில் இருந்து எந்தத் தடையும் போடவில்லை, அந்தந்த ஸ்டேஷனின் முடிவு என்றது.

அப்படியானால் இது பெருநிறுவனங்களின் சதியா? முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. சமூகவியலாளர் கேப்ரியல் ராஸ்மன் 2004ல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் புறக்கணிப்புக்குப் பெரிய ரேடியோ நிறுவனங்களின் முதலாளிகளைவிட சாதாரண நேயர்களின் கோபமே காரணம் என்ற முடிவுக்கு வந்தது. கோபம் நிஜம். அதை யாரும் காசு கொடுத்து உருவாக்கவில்லை.

ஆனால், கோபப்பட்டவர் தன் வீட்டு ரேடியோவை அணைப்பது ஒன்று. எங்கோ ஒரு தலைமையகம் பல ஊர்களின் ரேடியோவில் ஒரே நேரத்தில் பாட்டை நிறுத்துவது இன்னொன்று. இரண்டாவதில், கோபமே படாத நேயருக்கும் பாட்டு கிடைக்காது.

2003 ஜூலையில் நடந்த செனட் குழு விசாரணையில் இந்த வித்தியாசத்தைப் பளிச்சென்று எடுத்துச் சொன்னவர் ஜான் மெக்கெய்ன். அவர் புஷ்ஷின் குடியரசுக் கட்சிக்காரர். இராக் போரை ஆதரித்தவர். மெய்ன்ஸின் பேச்சு அவருக்கும் பிடிக்கவில்லை. இருந்தும், ஓர் உள்ளூர் ஸ்டேஷன் தன் நேயர்களுக்காக ஒரு குழுவைப் போடாமல் விடுவது அதன் உரிமை. எல்லா ஸ்டேஷன்களுக்கும் சேர்த்துத் தலைமையகம் உத்தரவு போடுவது வேறு விஷயம் என்று கியூமுலஸ் தலைவரிடம் கடிந்துகொண்டார்.

கருத்துச் சுதந்திரம் பறிக்கப்பட்டதா?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. ரசிகரையோ தனியார் ரேடியோவையோ அல்ல. அந்த நாட்டில் அரசே ஒரு பாடகரை முடக்கிய வரலாறும் உண்டு. கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை 1950ல் அரசு ரத்து செய்தது. 1958ல்தான் அது அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

மெய்ன்ஸுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் மீது வழக்கு இல்லை, கைது இல்லை. அதிபர் புஷ்ஷும் ஒரு டிவி பேட்டியில், அவர்கள் மனதில் பட்டதைப் பேசலாம், அதற்காகச் சிலர் ரெக்கார்டு வாங்க மறுத்தால் வருத்தப்படக்கூடாது, சுதந்திரம் இருவழிப்பாதை என்றார். சட்டப்படி அது சரிதான். ஆனால், இருவழிப்பாதையின் ஒரு பக்கத்தில் சில நிறுவனங்கள் கேட் போட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

டிக்கெட் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்?

2003 மே 1. தென் கரோலினா மாகாணத்தின் கிரீன்வில் நகரில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் முதல் நிகழ்ச்சி. சர்ச்சைக்கு முன்பே டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்திருந்தன. கூட்டம் வருமா, வந்தால் என்ன செய்யும் என்ற பதற்றம் எல்லோருக்கும் இருந்தது. மேடை ஏறிய மெய்ன்ஸ், எதிர்ப்புக் குரல் எழுப்ப வந்தவர்களுக்கு 15 விநாடிகள் தருகிறேன் என்றார். எழுந்தது ஆரவாரம்தான்.

ரேடியோ சொன்னதும் ஒரு மக்கள் கருத்து. அரங்கில் இருந்ததும் ஒரு மக்கள் கருத்து. போன் போட்டுத் திட்டியவர்களின் குரல் கணக்கில் வந்தது. பேசாமல் டிக்கெட்டோடு காத்திருந்தவர்களின் எண்ணிக்கை அந்த அரங்கில்தான் தெரிந்தது.

காலம் யார் பக்கம் நின்றது?

போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதக் கையிருப்புகள் இராக்கில் இல்லை என்று 2004ல் அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே அறிக்கை கொடுத்தது. 2006ல் புஷ்ஷின் செல்வாக்கு 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டு மெய்ன்ஸ் தன் மன்னிப்பையும் திரும்பப் பெற்றார்.

அதே ஆண்டு வந்த 'டேக்கிங் தி லாங் வே' ஆல்பம் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. 2007 பிப்ரவரியில் ஐந்து கிராமி விருதுகள். 'நாட் ரெடி டு மேக் நைஸ்' பாடல், ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த ரெக்கார்டு என இரண்டு பெரிய விருதுகளையும் வாங்கியது.

கேட்க நல்ல முடிவாகத்தான் இருக்கிறது. ஆனால், அதே பாடலை கன்ட்ரி ரேடியோ பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2006 சுற்றுப்பயணத்தில் தெற்கு மாகாணங்கள் உட்பட பல ஊர்களில் டிக்கெட் விற்காமல் நிகழ்ச்சிகள் ரத்தாயின. அடுத்த ஆல்பம் வர 14 ஆண்டுகள் ஆயின. 2020ல், அடிமைமுறைக் காலத்தை நினைவூட்டும் 'டிக்ஸி'யை நீக்கிவிட்டு 'தி சிக்ஸ்' என்ற பெயரில் அவர்கள் திரும்பி வந்தார்கள். கருத்து மாறிய நாடு, இழந்த நேயர்களை மட்டும் திருப்பித் தரவில்லை.

மற்றவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள்?

இந்தக் குழுவின் பெயரே பிறகு அமெரிக்க இசை உலகில் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது. அரசியல் பேசி ஓரங்கட்டப்பட்டால் 'டிக்ஸி சிக்ஸ் ஆக்கிட்டாங்க' என்ற அர்த்தத்தில் பேசினார்கள்.

2003ல் 13 வயதுச் சிறுமியாக இருந்தவர் டெய்லர் ஸ்விஃப்ட். கன்ட்ரி பாடகியாக வளர்ந்தபோது, அந்தக் குழுவைப்போல ஆகிவிடாதே, அரசியல் பக்கமே போகாதே என்றுதான் தனக்குச் சொல்லித்தந்தார்கள் என அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். ஒரு தேர்தலில் யாருக்கு ஆதரவு என்று வெளிப்படையாகச் சொல்ல அவருக்கு 2018 வரை ஆனது.

மெய்ன்ஸ் இழந்தது எவ்வளவு என்று பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போடலாம்: 10ல் இருந்து 43. அவருக்கு நடந்ததைப் பார்த்து வாயே திறக்காமல் இருந்துவிட்ட பாடகர்கள் எத்தனை பேர் என்பதற்குத்தான் எந்தப் பட்டியலும் இல்லை.