கீட்டோன் பவுடர்: கரைவது கொழுப்பா, காசா?

ஆதம்பாக்கத்தில் என்.ஜி.ஓ. காலனி, கருணீகர் தெரு பக்கம் காலையில் நடந்தால் டிபன் கடையும் ஜிம்மும் மாறி மாறி வரும். ஜிம்மில் புரோட்டீன் டப்பாக்கள் அடுக்கியிருப்பது பழைய காட்சி. இப்போது அந்த வரிசையில் கீட்டோன் பவுடரும் ‘பி.எச்.பி.’ என்ற கீட்டோன் மாத்திரையும் இடம்பிடிக்கத் தொடங்கியிருக்கின்றன. “டயட் இருக்க முடியலைன்னா இத எடுத்துக்குங்கண்ணா. உடம்பு கீட்டோசிஸுக்குப் போயிடும், கொழுப்பு தானா எரியும்” என்பதுதான் விற்பனைப் பேச்சு. இதில் முதல் பாதி ஓரளவு உண்மை. இரண்டாவது பாதி பொய்.

சோறு, இட்லி, சர்க்கரையெல்லாம் வெகுவாகக் குறைந்து இன்சுலின் இறங்கும்போது, கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களைத் தயாரிக்கிறது. அந்த நிலைதான் கீட்டோசிஸ். குளுக்கோஸ் தட்டுப்பாடான நேரத்தில் மூளைக்கும் இதயத்துக்கும் கீட்டோன்தான் எரிபொருள். ஆக, கொழுப்பு கரைவதால் கீட்டோன் ஏறுகிறது. கீட்டோன் ஏறுவதால் கொழுப்பு கரைவதில்லை. அடுப்பெரித்தால் பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். அதற்காகக் கரியை வாங்கிப் பூசினால் சோறு வெந்துவிடுமா?

சொல்லப்போனால் நடப்பது தலைகீழ். வெளியிலிருந்து கீட்டோன் வந்து சேர்ந்தால், உடம்பு தன் சொந்தக் கொழுப்பை உடைப்பதைக் குறைத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, கீட்டோனுக்கும் கலோரி உண்டு: கிராமுக்குச் சுமார் 4.7.

தமிழர்களுக்குக் கீட்டோசிஸ் புதிதல்ல. நியாண்டர் செல்வனும் அவரது ஃபேஸ்புக் குழுவும் பரப்பிய பேலியோ டயட் காலத்தில், காலையில் எண்ணி 100 பாதாம் சாப்பிட்டவர்களும் பட்டர் டீ குடித்தவர்களும் நம் தெருக்களில் நிறையவே இருந்தார்கள். பலருக்கு எடை குறைந்தது. ஆனால் அவர்கள் சோற்றையும் இட்லியையும் நிஜமாகவே விட்டார்கள். அந்தக் கஷ்டம் இல்லாமலே அந்தப் பலன் என்பதுதான் டப்பாக்காரர்களின் வாக்குறுதி.

லேபிளைப் படியுங்கள்

பல மாத்திரை டப்பாக்களில் ஒரு வேளைக்கு 800 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். கீட்டோசிஸ் என்று சொல்ல ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 மில்லிமோல் கீட்டோனாவது வேண்டும். அந்த அளவைத் தொட ஆய்வுகளில் 10 கிராமும் அதற்கு மேலும் கொடுத்தார்கள்; அதுவும் சில மணி நேரத்தில் இறங்கிவிட்டது. மாத்திரையில் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பவுடரில் அளவு கூடுதல்தான். ஆனால் பெரும்பாலான பவுடர்களில் கீட்டோன் தனியாக வராது. சோடியம், கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்த உப்பாகவே வரும். சிலவற்றில் ஒரு ஸ்கூப்பில் 1 கிராம் அளவுக்குச் சோடியம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் விதித்த எல்லையே 2 கிராம். ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பி.பி.காரர், அந்த உப்பை ஆரஞ்சு ஃப்ளேவரில் குடிக்கிறார். வயிற்றுப்போக்கும் குமட்டலும் பலருக்கு இலவச இணைப்பு.

விளையாட்டு வீரர்கள் குடிக்கிறார்களே?

அவர்கள் குடிப்பது ‘எஸ்டர்’ என்ற வேறு வகை. விலையும் பல மடங்கு. ஆக்ஸ்ஃபோர்டின் கீரன் கிளார்க்கும் அமெரிக்காவின் ரிச்சர்ட் வீச்சும், அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு நிதியில் உருவாக்கியது அது. 2016-இல் வெளியான ஆய்வில், அதைக் குடித்த சைக்கிள் வீரர்கள் அரை மணி நேரத்தில் சுமார் 400 மீட்டர் கூடுதலாக ஓட்டினார்கள். மறுவருடம் ஆஸ்திரேலியாவில் இன்னொரு வகை எஸ்டரைக் குடித்த வீரர்களுக்கு வயிறு புரட்டி, வேகம் 2 சதவீதம் குறைந்தது. 2025 அக்டோபரில் சர்வதேச சைக்கிள் சம்மேளனமே, உறுதியான ஆதாரம் இல்லை, பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. இதய நோய்க்கும் ஞாபக மறதிக்கும் கீட்டோன் உதவுமா என்ற ஆராய்ச்சி நடக்கிறது. அது ஆராய்ச்சிக்கூடத்து விஷயம், ஜிம் அலமாரி விஷயமல்ல.

சுகர் உள்ளவர்கள் கவனிக்க

சென்னை டாக்டர் மோகன் ஆய்வு மையமும் ஐ.சி.எம்.ஆரும் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் கணிசமானோர் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை போடுகிறார்கள். 2020-இல் காப்புரிமை முடிந்து விலை சரிந்த மருந்து அது. இதைச் சாப்பிட்டுக்கொண்டே சோற்றை அடியோடு விட்டாலோ பட்டினி கிடந்தாலோ, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். குளுக்கோமீட்டரில் சுகர் 200-க்குள் காட்டும்போதே இது நடக்கலாம் என்பதுதான் சிக்கல். குமட்டல், வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. இந்த மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் கீட்டோ டயட்டும் கீட்டோன் பவுடரும் தொடவே வேண்டாம்.

ஐ.சி.எம்.ஆர். ஆய்வுக் குழு 2022-இல் சொன்ன வழி இதைவிடச் சாதாரணமானது. புதிதாகச் சுகர் வந்தவர்கள் மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதத்துக்கு இறக்கி, புரதத்தை 20 சதவீதம் வரை ஏற்ற வேண்டும். வீட்டு பாஷையில்: இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளாமல், சுண்டலோ முட்டையோ மீனோ கூட்டிக்கொள்வது.

எடைக்காகவோ சுகருக்காகவோ கீட்டோன் பவுடர் வாங்குவது வீண். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், அடுத்த செக்கப்புக்கு அந்த டப்பாவையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.